பாங்கு ஸ்விட்ச்

மைக் செட் மிக்சரின் மூடியைத் திறந்தால் முதலில் வருவது நாற்றம்தான். வேறு ஊர்களில் ரிப்பேருக்கு வரும் மிக்சரில் தூசி இருக்கும், கரப்பான் முட்டை இருக்கும், கல்யாண மண்டபத்துச் சாம்பார்கூடச் சிந்தியிருக்கும். ஆம்பூரில் என் மேஜைக்கு வருபவற்றில் இவை அத்தனையும் இருக்கும், போதாக்குறைக்குத் தோல் நாற்றமும் இருக்கும். மைக் ஒயரைச் செருகும் சாக்கெட்டுகளுக்குள் வெள்ளி முலாம் பூசிய சின்னத் தகடுகள் உண்டு. அவை கரி பூசியதுபோல் கறுத்துக் கிடக்கும். கறுத்தால் சத்தம் விட்டு விட்டு வரும், கரகரக்கும், ஒருநாள் நின்றே போகும். பாடுகிறவன் பாவம், தன் தொண்டையைத் திட்டிக்கொண்டிருப்பான்.

ஏன் கறுக்கிறது என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், நான் ஒரு வகுப்பே எடுத்துவிடுவேன். தோல் பதனிடும் டேனரியின் கழிவுத் தொட்டிகளிலிருந்து அழுகின முட்டை நாற்றத்தோடு ஒரு வாயு எழும்புகிறது. அது காற்றில் கொஞ்சமாகக் கலந்தாலும் வெள்ளியைத் தேடிப் போய்ப் பிடிக்கும், கறுக்க வைக்கும். எங்கள் பக்கத்துப் பெண்களின் கொலுசைப் பார்த்தாலே தெரியும். தங்கத்தை அது ஒன்றும் செய்யாது. வாயுவுக்கும் தெரிந்திருக்கிறது யாரிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று.

இதே வகுப்பை என் அக்காவுக்கும் எடுத்தேன். எடுத்தது தப்பில்லை. அதற்குப் பிறகு நான் செய்ததுதான் ஈனம். அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன், வரிசையாக எழுதினால்தான் எனக்கே அடங்கும்.

முதலில் அந்த மிக்சரைச் சொல்ல வேண்டும். அது மைக் செட் வாடகைக்கு விடும் ஒரு பாயுடையது. என் கடைக்கு நான்கு கடை தள்ளி அவர் குடோன். எட்டு மைக் செருகலாம், ஸ்கூட்டரில் முன்னால் வைத்துக்கொண்டு போகலாம், அவ்வளவுதான் அளவு. அவர் அதைப் பழையதாக வாங்கி வந்தபோது சத்தத்தை ஏற்றி இறக்கும் ஸ்லைடர்களில் பாதி செத்திருந்தன. எல்லாவற்றையும் மாற்றினேன். சாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கறுப்பை எடுத்தேன். விரிசல் விட்ட ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தேன். கரண்டு போனாலும் பைக் பேட்டரியில் ஓடும்படி உள்ளே ஒரு போர்டு சேர்த்தேன். கடைசியில் அதில் கம்பெனிக்காரன் வைத்தது பாதி, நான் வைத்தது பாதி. பெரிய நிகழ்ச்சி என்றால் பாய் என்னையே மிக்சரில் உட்காரச் சொல்வார். "உன் புள்ள, நீயே பாத்துக்க" என்பார்.

எங்கள் ஊர்களில் ஒரு பழக்கம் உண்டு. கோயில் திருவிழாவோ, ஜெபக் கூட்டமோ, கட்சி மேடையோ, எதுவானாலும் மசூதியில் பாங்கு சொல்லும்போது மைக்கை நிறுத்திவிடுவார்கள். சட்டம் ஒன்றும் கிடையாது. எதிர்க்கட்சியைக் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருக்கும் பேச்சாளர்கூட அந்த மூன்று நான்கு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். தண்ணீர் குடிப்பார். முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து கிழிப்பார். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குத்தான் இது தெரியாது. அவர்கள் பேசிக்கொண்டே போவார்கள், மிக்சரில் இருக்கிறவன் அவசர அவசரமாக எட்டு ஸ்லைடரையும் இறக்க வேண்டும். பிறகு பழைய அளவுக்கே எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். ஒன்று கொஞ்சம் கூடிப்போனால் ஸ்பீக்கர் பாக்ஸ் ஊளையிடும்.

"ஒரே ஸ்விட்ச்சுல அடங்கற மாதிரி பண்ண முடியுமா?" என்று பாய் கேட்டார். அது என்ன பெரிய வித்தை என்று ஒரே மதியத்தில் போட்டுக் கொடுத்தேன். அழுத்தினால் எல்லாச் சத்தமும் நின்றது. ஆனால் மேடையில் பேசுகிறவருக்கு எதிரே அவர் குரலை அவருக்கே கேட்க வைக்கும் சின்ன பாக்ஸ் ஒன்று இருக்குமே, மானிட்டர், அதுவும் சேர்ந்து நின்றது. முதல் நிகழ்ச்சியிலேயே ஒரு பிரமுகர் மைக் செத்துவிட்டது என்று நினைத்து அதைத் தட்டினார், ஊதினார், அப்புறம் மைக் செட்காரனின் பரம்பரையையே விசாரித்தார். மைக்கைத் திரும்பத் திறந்தபோது அந்த விசாரணையின் கடைசி வார்த்தை தெரு முழுக்கக் கேட்டது.

அதனால் இரண்டாவது தடவை புத்தியாகச் செய்தேன். ஸ்விட்சை அழுத்தினால் கூட்டத்துக்குக் கேட்கும் வெளி பாக்ஸ் மட்டும் அடங்கும். மானிட்டர் பேசிக்கொண்டே இருக்கும். மிக்சரின் பச்சை விளக்குகளும் ஆடிக்கொண்டே இருக்கும். அதே ஸ்விட்சில் இன்னொரு இணைப்பு கொடுத்து, பேசுகிறவர் முன்னால் வைக்க ஒரு சின்ன சிவப்பு பல்பு போட்டேன். அழுத்தினால் பல்பு எரியும், அவர் நிறுத்திக்கொள்வார். திறந்தால் பல்பு அணையும், பேசுவார். பல்பின் ஒயர் மிக்சருக்குப் பின்னால் ஒரு சின்னப் பின்னில் வந்து செருகிக்கொள்ளும்.

பாய்க்கு ரொம்பச் சந்தோஷம். அதற்கு பாங்கு ஸ்விட்ச் என்று பெயர் வைத்ததே அவர்தான். வாணியம்பாடியிலிருந்தும் வாலாஜாபேட்டையிலிருந்தும்கூட மைக் செட்காரர்கள் தேடி வந்து தங்கள் மிக்சரில் அதைப் போட்டுக்கொண்டு போனார்கள். நானும் பெரிய விஞ்ஞானி மாதிரி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அந்த வருஷம்தான் மாமா செத்தார். அக்காவின் வீட்டுக்காரர். ஒரு டேனரியில் கழிவுநீர்ப் பிரிவில் வேலை. பம்பில் ஏதோ அடைத்துக்கொண்டது என்று தொட்டிக்குள் இறங்கியவரைக் கயிறு கட்டித்தான் மேலே எடுத்தார்கள். கம்பெனி கொடுத்த கடிதம் வேறு மாதிரி சொன்னது. தொட்டியில் வாயு ஏதும் இல்லை, முன்பே சோதித்திருந்தோம், ஓரமாக நடந்துபோனபோது அவர் கால் தவறி விழுந்துவிட்டார் என்று.

கால் ஏன் தவறியது என்ற கேள்விக்கு ஊரே ஒரு பதிலைத் தயார் செய்துகொண்டது. குடித்திருந்தார் என்றார்கள். மாமா பொங்கலுக்குக்கூடக் குடிக்காதவர். டீயையே பாதி டம்ளர் வைத்துவிட்டுப் போகிற ஆள். ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. துக்கம் கேட்க வந்தவர்களே வாசலில் செருப்புப் போடும்போது அதைப் பேசினார்கள். உள்ளே அக்கா மகள் உட்கார்ந்திருந்தாள், அவள் காதில் விழும்படியே பேசினார்கள்.

ஆஸ்பத்திரியில் மாமாவின் பொருள்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஒருநாள் மதியம் அக்கா அந்தக் கவரோடு என் கடைக்கு வந்தாள். அதிலிருந்து அவருடைய அரைஞாண் கொடியை எடுத்து மேஜையில் வைத்தாள். கன்னங்கரேல் என்று இருந்தது.

"இன்னாடா இது, அவரு அர்ணாக்கொடி வெள்ளிடா. கல்யாணத்துக்கு எங்கப்பா போட்டது. ஆஸ்பத்திரில மாத்திட்டு இரும்பு குடுத்துட்டானுங்களா?"

அவளுடைய அப்பா என் அப்பாவும்தான். ஆத்திரம் வந்தால் அவள் அப்படித்தான் பிரித்துப் பேசுவாள். நான் பஞ்சில் மருந்து தொட்டு, சாக்கெட் துடைப்பதுபோல் ஒரு கண்ணியை மட்டும் துடைத்தேன். உள்ளே வெள்ளி பளிச்சென்று வந்தது. பக்கத்தில் கழற்றி வைத்திருந்த கறுத்த சாக்கெட்டையும் காட்டினேன். வழக்கமான வகுப்பை எடுத்தேன். தெருவில் உலாவும் காற்றுக்கே இது கறுக்க மாதக் கணக்காகும், ஒரே நாளில் இப்படிக் கறுத்தால் உள்ளே எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்று கணக்கும் சொன்னேன்.

அக்கா அந்த ஒரு வெள்ளைக் கண்ணியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அப்போ உள்ள விஷக் காத்து இருந்துச்சு."

"ஆமாக்கா."

"அவரு கூட வேலை செய்றவரு என் கைல சொன்னாரு. எறங்க மாட்டேன், காத்து இருக்குதுன்னு இவரு சொன்னாராம். எறங்கலைன்னா நாளைக்கு வேலைக்கு வராதன்னுட்டானாம் சூப்பர்வைசர். நான் நம்பினேன், ஆனா காட்றதுக்கு எதுவும் இல்ல. இப்ப இது இருக்குது."

"வெள்ளி பொய் சொல்லாதுக்கா" என்றேன். என்ன ஒரு வசனம். சொல்லிவிட்டு நானே அதை ரசித்தேன்.

முப்பதாம் நாள் கம்பெனி வளாகத்திலேயே படத்திறப்பு வைத்தார்கள். நல்லபடியாகத்தான் செய்தார்கள், குறை சொல்ல முடியாது. பந்தல், மேடை, மாலை போட்ட பெரிய படம், எல்லாருக்கும் டீ பிஸ்கட். மைக் செட் பாயுடையது. மிக்சரில் நான்.

இரண்டு நாள் முன்னால் கம்பெனியின் ஹெச்.ஆர். அதிகாரி என் கடைக்கே வந்திருந்தார். கையில் ஒரு கவர். அக்கா மகளுக்கு ஆபீசில் வேலை, பி.காம். படித்தவள்தானே, ஆர்டர் டைப் செய்தாகிவிட்டது என்று வெளியே எடுத்துக் காட்டிவிட்டுத் திரும்பக் கவரிலேயே போட்டுக்கொண்டார்.

"உங்க அக்கா ரெண்டு வார்த்தை நன்றி சொல்லட்டும் தம்பி. அவங்க முடிச்சதும் எம்.டி. கையால மேடைல ஆர்டர். நீங்கதான சவுண்டு? பாத்துக்கோங்க."

அவ்வளவுதான் சொன்னார். கட் பண்ணு என்று யாரும் சொல்லவில்லை. இதை நான் எனக்கே நிறைய தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவர் தலையில் தூக்கிப் போட ஒரு வார்த்தையாவது கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

படத்திறப்புக்கு முதல் நாள் அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் அரைஞாண் கொடியை ஒரு கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தாள். மேடையில் இதைக் காட்டிப் பேசப் போகிறேன் என்றாள்.

"வேணாம்க்கா. பொண்ணு வேலை போயிடும்."

"போனா போவட்டும். படிச்ச பொண்ணுக்கு வேற எங்கன்னா கெடைக்கும். குடிகாரன் பொண்ணுங்கற பேரு போவுமா? அத இப்ப எடுத்தாதான்டா உண்டு. அவரு கூட வேலை செஞ்சவங்க அத்தினி பேரும் அங்க இருப்பாங்க. அவங்க எதுருல சொல்லணும்."

வேற எங்கே கிடைக்கும் என்று எனக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியாது. உலகம் தெரியாதவளாக இருக்கிறாளே என்று அவள்மேல் எரிச்சல்தான் வந்தது. இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அந்தக் கம்பெனியின் ஆண்டு விழா, ஆயுத பூஜை, இப்தார், கிறிஸ்துமஸ் எல்லாவற்றுக்கும் பாய் மூலமாக நான்தான் சவுண்டு. அந்தப் பயம் அடியில் கிடந்தது. மேலே மகள் எதிர்காலம் என்று போர்த்திக்கொண்டேன்.

அன்று நான்கு மணிக்குக் கூட்டம். ஊர்ப் பேச்சுக்குப் பயந்து மகள் வரவில்லை. அக்காவை மேடைக்கு அழைத்துப் போய் மைக் முன்னால் நிற்கவைத்துப் பழக்கினேன். சிவப்பு பல்பைக் காட்டினேன்.

"பாங்கு சொல்ற நேரம் வரும்க்கா. அங்கங்க நாலஞ்சு மசூதிலருந்து முன்ன பின்ன கேக்கும், எதுக்கு நிறுத்தறதுன்னு கொழம்பாத. நான் பாத்துக்கறேன். இந்த பல்பு எரிஞ்சா மட்டும் நிறுத்து. அணைஞ்சா பேசு. எரியலைன்னா நீ பாட்டுக்குப் பேசிக்கினே இரு."

"எரிஞ்சா நிறுத்தணும். எரியலைன்னா பேசணும்" என்று திருப்பிச் சொன்னாள். சின்ன வயதில் எனக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவள்.

அதைச் சொல்லிக் கொடுத்தபோது என் மனதில் திட்டம் எதுவும் இல்லை. மற்றவர்களுக்குச் சொல்வதைத்தான் அவளுக்கும் சொன்னேன். மேனேஜர்கள் ஒவ்வொருவராகப் பேசிப் பேசி நேரம் இழுத்தது. அக்காவைக் கூப்பிட்டபோது கைபேசியில் மணியைப் பார்த்தேன். பக்கத்து மசூதியில் சாயங்காலத் தொழுகைக்கான அஸர் பாங்குக்கு இரண்டு நிமிடம் இருந்தது.

என் கை மிக்சரின் பின்பக்கம் போய் பல்பின் பின்னைக் கழற்றியது. கை தானாகப் போயிற்று என்று எழுதத்தான் ஆசை. தானாகப் போகவில்லை. அங்கே வரிசையாக ஏழெட்டு ஒயர்கள் இருந்தன. குனிந்து, பார்த்து, சரியான ஒயரைப் பிடித்துத்தான் உருவினேன்.

"எல்லாருக்கும் வணக்கம்" என்று அக்கா ஆரம்பித்தாள். "எங்க வீட்டுக்காரரு இங்க இருவது வருஷம் வேலை செஞ்சாரு. இந்த கம்பெனி சோறுதான் நாங்க சாப்ட்டது. அத இல்லன்னு சொல்லல."

பாங்கு தொடங்கியது. ஸ்விட்சை அழுத்தினேன்.

பின்னால் நின்ற தொழிலாளர்கள் பேச்சை நிறுத்தித் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிலர் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டார்கள். முன்வரிசை நாற்காலிகளில் கால்மேல் கால் போட்டிருந்தவர்கள் காலை இறக்கினார்கள். எல்லாம் எப்போதும் நடப்பதுதான். மேடையில் மட்டும் அக்கா பேசிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு அவள் குரல் மானிட்டரில் நன்றாகக் கேட்டது. மசூதியின் ஒலிபெருக்கிக்கு முன்னால் அந்தச் சின்ன பாக்ஸின் சத்தம் மேடையைத் தாண்டவில்லை.

என் காதில் ஹெட்போன் இருந்தது. அத்தனை பேரில் அவள் பேசியதைக் கேட்டவன் நான் ஒருவன்தான்.

நன்றாகப் பேசினாள். அழவில்லை. அவர் குடித்ததில்லை என்றாள். இறங்க மாட்டேன் என்று சொன்னதையும், இறங்க வைத்ததையும் சொன்னாள். மூக்குக்கு ஒரு துணிகூடக் கொடுக்கவில்லை என்றாள். கைக்குட்டையை அவிழ்த்துக் கொடியை எடுத்து உயர்த்திக் காட்டினாள். "இது வெள்ளிங்க. ஒரே நாள்ல இப்படி கறுத்துது. உங்க வீட்டுக் கொலுசு கறுக்க எத்தினி மாசம் ஆவுதுன்னு உங்களுக்கே தெரியும். தொட்டில காத்து இல்லன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. இதுங்கிட்ட வந்து சொல்லச் சொல்லுங்க" என்றாள். நான் சொல்லிக் கொடுத்ததைவிட அவள் சொன்னது நன்றாக இருந்தது. துடைத்த அந்த ஒரு கண்ணியை இன்னொரு கையால் தனியாகப் பிடித்துக் காட்டினாள். பச்சை விளக்குகள் அவள் குரலுக்கு ஏற்ப ஏறி இறங்கி ஆடிக்கொண்டிருந்தன.

பக்கத்து மசூதியில் பாங்கு முடிந்தது, அடுத்த மசூதியில் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது. நான் விரலை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன். கூட்டத்துக்குப் பின்னால் பாக்ஸ் பக்கத்தில் நின்றிருந்த பாய் திரும்பி என்னைப் பார்த்தார். நான் அவர் பக்கம் பார்க்கவில்லை. அக்கா கொடியை மடித்து முடிந்துகொண்டு "அவ்ளோதாங்க" என்றபோது ஸ்விட்சைத் திறந்தேன். "நன்றி" என்ற ஒரு சொல் எட்டுத் திக்கும் கேட்டது. எல்லாரும் கை தட்டினார்கள்.

எம்.டி. எழுந்து ஆர்டரைக் கொடுத்தார். அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவ்வளவு சொன்ன பிறகும் கொடுக்கிறார்களே என்று வாங்கிக்கொண்டாள். மேடையை விட்டு நேராக என்னிடம் வந்தாள். முப்பது நாளில் அவள் முகம் அவ்வளவு தெளிந்து நான் பார்க்கவில்லை.

"நல்லா கேட்டுச்சாடா?"

"நல்லா கேட்டுச்சுக்கா" என்றேன். அது பொய் இல்லை. அதுதான் இன்னும் அசிங்கம்.

சாமான்களைக் கட்டும்போது பல்பு ஒயரைப் பாய்தான் சுருட்டினார். மறுமுனை தரையில் கிடப்பதைப் பார்த்தார். பின்னைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"உங்க அக்கா வாயை மூடணும்னா உன் கையால மூடியிருக்கலாம். பாங்கை எதுக்குடா இதுல இழுத்த?"

மறுநாள் அவரே மிக்சரைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். "அந்த ஸ்விட்ச்ச கழட்டிடு" என்றார். பாங்கு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "கையால எறக்கிக்கறேன். எட்டுதான இருக்குது" என்றார். கழற்றினேன். ஸ்விட்சுக்காகத் துளைத்திருந்த ஓட்டை மட்டும் நின்றது, அதை எப்படி மூடுவது என்று கேட்டதற்குக் கறுப்பு டேப் ஒட்டு போதும் என்றார். இப்போதும் ரிப்பேருக்கு என்னிடம்தான் வருகிறார். சவுண்டுக்கு உட்காரக் கூப்பிடுவதில்லை.

அக்கா மகள் வேலையில் சேர்ந்தாள். கம்பெனி பஸ்ஸிலேயே போய் வந்தாள். நான் நினைத்தது நடந்துவிட்டது, நல்லதுதானே செய்தேன் என்று கொஞ்ச நாள் நெஞ்சைத் தடவிக்கொண்டேன்.

அக்கா காத்திருந்தாள். மேடையில் அத்தனையும் சொல்லியாயிற்று, இனி தெருவில் யாராவது ஒரு வார்த்தை கேட்பார்கள் என்று காத்திருந்தாள். மாமாவோடு வேலை செய்தவரின் வீடு அக்கா வீட்டை ஒட்டித்தான் இருக்கிறது. அந்த அம்மாவும் அன்று கூட்டத்தில் நின்றிருந்தாள். மறுநாள் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் பார்த்தபோது "பொண்ணுக்கு வேலை குடுத்துட்டாங்களே, நல்லதாப் போச்சு" என்று மட்டும் சொன்னாளாம். கொடியைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. வேறு யாரும் வாயைத் திறக்கவில்லை. குடித்திருந்தார் என்ற பேச்சும் நிற்கவில்லை.

"எல்லாம் பயந்தாங்கொள்ளிங்கடா" என்றாள் அக்கா. "காதால கேட்டுட்டு கல்லு மாதிரி இருக்குதுங்க. நம்ம வூட்டுக் கொழம்ப எத்தினி வாட்டி வாங்கித் தின்னுருப்பா அவ? அவ வூட்டுக்காரரு சொன்னதத்தான நான் சொன்னேன்? ஆமான்னு ஒரு வார்த்தை வரல."

நான் ஆமாம் போட்டேன். ஜனங்களே இப்படித்தான்க்கா என்றேன். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்றால் இதுதான். அக்கா அந்த அம்மாவோடு பேச்சை நிறுத்தினாள். பிறகு தெருவோடே நிறுத்தினாள். தண்ணீர் பிடிக்கக்கூட எல்லாரும் போன பிறகு போவாள். கலகலவென்று வாசலில் நின்று கதை பேசுகிறவள், கதவைச் சாத்திக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தாள். ஏழு மாதம் அப்படி ஓடியது. ஒரு நாளாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். எனக்கு எப்போதும் நாளைக்கு என்றிருந்தது.

போன மாதம் ஒரு மதியம் மகளின் பழைய கைபேசியை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். ஆபீசில் கூட வேலை செய்யும் பெண் யாரோ, அன்று எடுத்த வீடியோவை மகளுக்கு அனுப்பியிருக்கிறாள்.

"நான் பேசுனதுடா. ஆனா நடுவுல சத்தம் போயிடுச்சு. முன்ன கேக்குது, கடைசில நன்றி கேக்குது. நடுவுல ஒண்ணியும் இல்ல. சத்தம் போனத எல்லாம் நீதான சரி பண்ணுவ? இதயும் பண்ணிக் குடு. நாலு பேருக்கு அனுப்பணும்."

நான் கையில் வாங்கவில்லை. அவளே மேஜையில் வைத்து ஓடவிட்டாள். சோல்டரிங் புகை ஒரு பக்கம் போய்க்கொண்டிருந்தது. வீடியோவில் அக்கா சின்னதாக நின்றாள். சோறு சாப்பிட்டதை இல்லை என்று சொல்லவில்லை என்றாள். பிறகு வாய் மட்டும் அசைந்தது. பாங்கு தெளிவாகக் கேட்டது. யாரோ இருமுவது கேட்டது. நாற்காலி இழுபடுவது கேட்டது. கைபேசியில் ஒரு கோளாறும் இல்லை என்று கேட்கிற யாருக்கும் தெரியும். அவளுக்குத் தெரிய எவ்வளவு நேரம் ஆகும் என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் அதைத் திரும்ப ஓடவிட்டாள். மூன்றாம் தடவையும் ஓடவிட்டாள். வீடியோவில் இருந்த அக்கா கொடியை உயர்த்திக்கொண்டே நிமிஷத்துக்கு ஒரு தரம் கீழே இடது பக்கம் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பேசினாள். மறுபடி பார்த்தாள். அங்கேதான் பல்பு இருந்தது.

"பாங்கு கேக்குது" என்றாள் மெதுவாக.

நான் சோல்டரிங் கம்பியை அணைத்து வைத்தேன்.

"நான் பல்பையே தான்டா பாத்துக்கினு இருந்தேன்."

அக்கா என்று கூப்பிட்டேன். அவள் கைபேசியை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். திட்டவில்லை, அழவில்லை. "கம்பெனி பஸ் வர்ற நேரம். பொண்ணு எறங்குவா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் அக்கா மகள் கடைக்கு வந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

"அம்மா நேத்து பக்கத்து வீட்டுக்குப் போச்சு மாமா. ஏழு மாசம் கழிச்சு. அவங்க கையப் புடிச்சிக்கினு மன்னிச்சிடுன்னு ஒரே அழுகை. அப்பாவோட அர்ணாக்கொடியக் காட்டி எல்லாத்தயும் சொல்லிச்சு. தெருவே வந்து நின்னு கேட்டுச்சு. அன்னிக்கு மேடைல பேசுனது யாருக்குமே கேக்கலியாம் மாமா, தெரியுமா?"

"ஏன் கேக்கலைன்னு உங்கம்மா சொல்லிச்சா?" என்று கேட்டேன்.

"சொல்லிச்சே. பாங்கு நேரத்துல நிறுத்தாம பேசிட்டேன், தப்பு என்னுதுதான்னு சொல்லிச்சு."